உழைச்செல்வான்

நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார் வள்ளுவர். உழைச்செல்வானாவான் மருந்தைப் பிழையாது ஊட்டுபவன். வீட்டில் தானே மருந்துண்ணும் நோயாளிக்கு இந்நாளில் அவ்விடத்தில் நிற்கத்தக்கவர் மருந்துக்கடையிலுள்ள மருந்தாளரே என்பது எம் துணிபு.

காசநோயை எடுத்துக்கொள்வோம். அதற்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். ரிஃபாம்பிசின் உண்பார்க்குச் சிறுநீர் செந்நிறமாகும், அது தீங்கன்று. இதனை முன்னரே உரையாவிடின் நோயாளி அஞ்சி மருந்தை விடவுங்கூடும். எஞ்சிய கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதனவாய் மீண்டெழவுங்கூடும்.

ஆதலின் மருந்தாளர், உண்ணும் வேளையை நோயாளி அறிந்த மொழியில் எழுதித் தருக, "எவ்வாறு உண்பீர்?" என வினவி, அவர் வாய்மொழியாகவே விடை பெறுக, குறித்த நாளில் மீண்டும் வாராதாரைக் கடியாது காரணம் கேட்க. மறந்தார்க்கு நினைவூட்டலாம்; வறியார்க்கு அரசு மருத்துவமனையில் கிடைக்கும் இலவச மருந்தைக் காட்டலாம். இத்தகையாரையே யாம் உழைச்செல்வான் என்போம்.