நடந்ததை எழுது: ஓர் இளம் வழக்கறிஞருக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருச்சியில் தனியாக அலுவலகம் போட்டு, மோட்டார் விபத்து வழக்குகளில் பெயரெடுத்து வரும் நேரத்தில், விமானத்தில் காயம்பட்ட ஒருவர் உன்னைத் தேடி வந்திருக்கிறார். தலைக்கு மேல் இருந்த லக்கேஜ் அடுக்கிலிருந்து பெட்டி விழுந்து அவர் தோள்பட்டை முறிந்திருக்கிறது. “எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) போடுவது போலவே போட்டுவிடலாமா அண்ணா?” என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியோடு நிற்கிற ஜூனியர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

அப்படிப் போட முடியாது. மோட்டார் வழக்கில் உன் வேலையில் பாதியைக் காவல் நிலையம் செய்துவிடுகிறது. எஃப்.ஐ.ஆர்., மகஜர், வாகன ஆய்வாளரின் அறிக்கை, அரசு மருத்துவமனையின் காயச் சான்று எல்லாம் ஒரு கட்டாக வந்துவிடும். டிரைவரின் அஜாக்கிரதையை நிலைநாட்டிவிட்டால் மீதி கணக்குதான். விமானத்தில் காயம்பட்டவருக்கு அந்தக் கட்டு இல்லை. முப்பதாயிரம் அடி உயரத்தில் யாரும் மகஜர் எழுதுவதில்லை. அதே சமயம், அங்கே அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டிய சுமையும் உனக்கு இல்லை. ஆகவே இந்தத் துறைக்கு வருகிறவர் முதலில் பழக வேண்டியது, குற்றவாளியைத் தேடும் பழக்கத்தை விட்டு, நடந்தது என்ன என்று எழுதும் பழக்கத்துக்கு மாறுவது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1929 வார்சா உடன்படிக்கையில் தொடங்கிய ஏற்பாடு 1999இல் மாண்ட்ரீலில் புதிதாக எழுதப்பட்டது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. நம் 1972ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையாக அது இருக்கிறது. அதன் 17ஆம் விதியை மனப்பாடமாக வைத்துக்கொள். பயணிக்கு மரணமோ உடல் காயமோ ஏற்பட்டு, அதற்குக் காரணமான விபத்து விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ நடந்திருந்தால் விமான நிறுவனம் பொறுப்பு. அவ்வளவுதான் நிபந்தனை. 21ஆம் விதி அந்தப் பொறுப்பை இரண்டு படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில், ஒரு குறிப்பிட்ட தொகை வரை, “எங்கள் மேல் தவறில்லை” என்று நிறுவனம் தப்பிக்க முடியாது. அந்தத் தொகைக்கு மேல் போனால், தன் பக்கம் அஜாக்கிரதை இல்லை என்றோ, தவறு முழுக்க வேறொருவருடையது என்றோ நிரூபித்துத் தப்பிக்கலாம். நிரூபிக்கும் சுமை அப்போதும் அவர்கள் மேல்தான்.

அந்தத் தொகை எஸ்.டி.ஆர். என்ற கணக்கில் சொல்லப்படுகிறது. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஐந்தையும் சேர்த்து சர்வதேச நிதியம் வைத்திருக்கும் அலகு அது. உடன்படிக்கையில் முதலில் 1,00,000 என்று இருந்தது. பிறகு 1,13,100, 1,28,821 என உயர்ந்து, 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880 ஆகியிருக்கிறது. ஒரு எஸ்.டி.ஆர். நூறு ரூபாயைத் தாண்டும் என்பதால் இது ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எல்லை. விபத்து நடந்த தேதியில் நம் அரசிதழின்படி எந்த எண் அமலில் இருந்தது என்று பார்த்து மனுவில் எழுது. ரூபாயாக மாற்றுவது தீர்ப்பு நாளின் மதிப்பில்.

இது தானாகக் கிடைக்கிற தொகை இல்லை என்பதைக் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடு. 2010 மே மாதம் மங்களூரில் துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். 2011இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தபட்சம் 1,00,000 எஸ்.டி.ஆர். உண்டு என்றார். டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றியது. தவறை நிரூபிக்க வேண்டாம், ஆனால் இழப்பை நிரூபிக்க வேண்டும் என்பதே அந்த நிலைப்பாடு. அதே விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7.64 கோடி ரூபாய் தந்தது. சம்பளத்தில் படிகள் என்ற பெயரில் இருந்தவற்றைக் கழிக்காமல், எதிர்கால உயர்வையும் சேர்த்துக் கணக்கிட்டதால் வந்த தொகை அது. சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வருமான வரிக் கணக்கு ஆகியவற்றின் பலம் அந்தத் தீர்ப்பில் தெரியும்.

இனி எல்லா வழக்கும் நிற்பதும் விழுவதும் எங்கே என்று சொல்கிறேன். 17ஆம் விதி கேட்கும் “விபத்து” எது? 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏர் பிரான்ஸ் வழக்கில் சொன்ன விளக்கம்தான் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. பயணியின் உடலுக்கு வெளியே நடந்த, எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான நிகழ்ச்சியாக அது இருக்க வேண்டும். அந்த வழக்கில் பாரிசிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கும்போது ஒரு பெண்ணுக்குக் காது கேட்காமல் போனது. விமானத்தின் அழுத்த அமைப்பு வழக்கம்போலவே இயங்கியதால், அவருடைய உடலின் உள் எதிர்வினை மட்டும் விபத்தாகாது என்றார்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து காலில் ரத்தம் உறைந்தவர்கள் லண்டனில் பிரபுக்கள் சபை வரை போய் 2005இல் தோற்றதும் இதே காரணத்தால்தான்.

ஒலிம்பிக் ஏர்வேஸ் வழக்கைப் பார். ஆஸ்துமா உள்ள பயணியைப் புகைபிடிப்பவர்களின் இருக்கைகளிலிருந்து தள்ளி உட்கார வைக்கும்படி அவர் மனைவி மீண்டும் மீண்டும் கேட்டார். பணிப்பெண் மறுத்தார். பயணி இறந்தார். அந்த மறுப்பே விபத்தின் ஒரு பகுதி என்று 2004இல் முடிவானது. இன்னொன்று, மேசையிலிருந்து சரிந்த சூடான காபி ஒரு சிறுமியைச் சுட்ட வழக்கு. கப் ஏன் சரிந்தது என்று தெரியவில்லை, விமானப் பயணத்துக்கே உரிய ஆபத்தும் அதில் இல்லை. இருந்தும் அது விபத்தே என்று 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2021இல், அதிர்ச்சியோடு தரையிறங்கியதில் முதுகுத்தண்டு பாதித்த பயணியின் வழக்கில், அந்தத் தரையிறக்கம் விமானத்தின் இயக்க வரம்புக்குள் இருந்தால் விபத்தல்ல என்றது. இவை எதுவும் நம் நீதிமன்றங்களையோ நுகர்வோர் ஆணையங்களையோ கட்டுப்படுத்தாது. ஆனால் எதிர்த்தரப்பு இவற்றை எடுத்து வரும். நீ முன்னதாகவே படித்திருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், வென்றவர்களிடம் சொல்வதற்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது தெரியும். “வலிக்கிறது, அவர்கள் அலட்சியம்” என்பது நிகழ்ச்சி ஆகாது. “தரையிறங்கிய பின் ஊழியர் அடுக்கைத் திறந்தார், பெட்டி சரிந்தது, என் வலது தோளில் விழுந்தது” என்பது நிகழ்ச்சி. உன் கட்சிக்காரர் கோபத்தோடு வருவார். யாரையாவது தண்டிக்க வேண்டும் என்று நினைப்பார். தண்டனைத் தொகை கேட்க இந்த உடன்படிக்கையில் இடமே இல்லை. 29ஆம் விதி அதை அடைத்துவிட்டது. அவர் கோபத்தைப் பொறுமையாகக் கேள், பிறகு அவரோடு உட்கார்ந்து நிமிடம் நிமிடமாக நடந்ததை எழுது. அந்த ஒரு மணி நேரம் உன் வழக்கின் அஸ்திவாரம்.

எழுதுவதற்குச் சான்றுகள் வேண்டும், அவை வேகமாக மறையும். போர்டிங் பாஸ், டிக்கெட்டின் முழுப் பிரதி, விமான நிலைய மருத்துவ அறைச் சீட்டு, அன்றே எடுத்த எக்ஸ்ரே, பக்கத்து இருக்கைக்காரரின் தொலைபேசி எண், செல்பேசிப் படங்கள் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே திரட்டு. கேபின் ஊழியர்கள் எழுதிய சம்பவ அறிக்கையையும், பயணத்தின் பதிவுகளையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி நிறுவனத்துக்கு உடனே நோட்டீஸ் அனுப்பு. இறங்கிய அன்று மருத்துவரிடம் போகாமல் பத்து நாள் கழித்துப் போயிருந்தால், அந்த இடைவெளியைத்தான் குறுக்கு விசாரணையில் தோண்டுவார்கள். ஏன் போகவில்லை என்பதை நீயே மனுவில் விளக்கிவிடு.

டர்புலன்ஸ் வழக்குகளில் நொடிகள் பேசும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் நடந்ததை எடுத்துக்கொள். சிங்கப்பூர் புலனாய்வு அமைப்பின் முதற்கட்ட அறிக்கைப்படி, நான்கைந்து நொடிகளுக்குள் செங்குத்து முடுக்கம் தலைகீழாகி மீண்டு, விமானம் 178 அடி இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டு விழுந்தார்கள். இத்தகைய வழக்கில், பெல்ட் விளக்கு எப்போது எரிந்தது, அறிவிப்பு எந்த மொழியில் வந்தது, பயணி எங்கே இருந்தார் என்பவை உயிர்நாடி. பயணியின் கவனக்குறைவு காயத்துக்குக் காரணமானால் அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்க 20ஆம் விதி இடம் தருகிறது. விளக்கு எரிந்து சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டதென்றால், கழிவறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர் மேல் பழி போடுவது கடினம்.

மனக்காயம் பற்றிக் கேட்டிருந்தாய். விதியில் இருப்பது உடல் காயம். 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மனவேதனைக்கு மட்டும் இழப்பீடு இல்லை என்றது. 2022இல் ஐரோப்பிய நீதிமன்றம், மருத்துவச் சிகிச்சை இல்லாமல் தீராத கடுமையான மனப்பாதிப்பையும் உடல் காயத்துக்கு இணையாக ஏற்றது. அச்சத்தில் தூங்க முடியாதவர் வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்பு. சான்றும் சிகிச்சைப் பதிவும் இல்லாமல் அந்த வாதத்தை எழுப்பாதே.

இப்போது கடிகாரம். 35ஆம் விதிப்படி, விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்தோ, சேர வேண்டிய நாளிலிருந்தோ, பயணம் நின்ற நாளிலிருந்தோ இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையே அழிந்துவிடும். நுகர்வோர் சட்டத்திலும் இரண்டு ஆண்டுதான், ஆனால் அங்கே தாமதத்தை மன்னிக்க வழியுண்டு. அந்த நினைப்பில் இங்கே இருந்துவிடாதே. நிறுவனத்தோடு மின்னஞ்சலில் சமரசம் பேசிக்கொண்டிருந்தாலும் கடிகாரம் நிற்காது. உன் நாட்குறிப்பில் பதினெட்டாம் மாத முடிவைக் கடைசி நாளாகக் குறித்துக்கொள்.

எங்கே போடுவது? பல வழக்குகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே சரியான இடம். அங்கே அதிகார எல்லை, கேட்கும் தொகையைப் பார்த்து இல்லாமல் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைப் பார்த்து முடிவாகிறது. டிக்கெட் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நுகர்வோர் அமைப்பும் உடன்படிக்கை சொல்லும் “நீதிமன்றம்”தான் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது. ஆனால் சர்வதேசப் பயணத்தில் 33ஆம் விதி அனுமதிக்கும் நாட்டில்தான் போட முடியும். நிறுவனத்தின் இருப்பிடம், அதன் முக்கியத் தொழிலிடம், டிக்கெட் எடுத்த அதன் கிளை இருக்குமிடம், பயணத்தின் இறுதி இலக்கு ஆகியவற்றோடு ஐந்தாவதாக, காயம்பட்டவரின் நிரந்தர வசிப்பிடமும் சில நிபந்தனைகளோடு உண்டு.

உன் ஊரில் இது முக்கியம். திருச்சியில் எடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டில் துபாய் போய் வருபவருக்கு இறுதி இலக்கு திருச்சி. துபாயில் ரிட்டர்ன் எடுத்து ஊருக்கு விடுமுறையில் வந்தவருக்கு, திருச்சியில் இறங்கும்போது அடிபட்டிருந்தாலும், இறுதி இலக்கு துபாய். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அவருக்கு ஐந்தாவது வழிதான் துணை. குடும்பம், வீடு, ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் பட்டுக்கோட்டையில் இருக்க, வேலை விசாவில் மட்டும் வெளியே இருப்பவரின் நிரந்தர இருப்பிடம் எது என்பதை நீ ஆவணத்தோடு வாதாட வேண்டும். மதுரையிலிருந்து சென்னை வழியாகச் சிங்கப்பூருக்கு ஒரே பயணமாக டிக்கெட் எடுத்தவருக்கு மதுரை–சென்னைப் பகுதியில் காயம்பட்டாலும் சர்வதேச விதிதான் பொருந்தும். வெறும் உள்நாட்டுப் பயணம் என்றால் 2014 ஜனவரி அறிவிக்கை வைத்த முதல் படி எல்லை 20 லட்சம் ரூபாய். டிக்கெட்டை எழுத்து விடாமல் படி என்று நான் உன்னை நச்சரிப்பது இதனால்தான்.

நிறுவனங்கள் சில சமயம் முன்பணம் தரும். அந்தச் சிங்கப்பூர் விமானத்தில் லேசான காயத்துக்கு 10,000 டாலர் தருவதாகவும், கடுமையாகக் காயம்பட்டவர்களுக்கு உடனடித் தேவைக்காக 25,000 டாலர் முன்பணம் தருவதாகவும் நிறுவனம் அறிவித்தது. இத்தகைய பணத்தை வாங்குவதில் தவறில்லை. ஆனால் கையெழுத்திடும் தாளில் “முழுமையான, இறுதியான தீர்வு” என்று இருக்கிறதா என்று பார். கட்டு பிரிக்கும் முன், அறுவை சிகிச்சை தேவையா என்று தெரியும் முன், கட்சிக்காரர் அப்படிக் கையெழுத்திட வேண்டாம். அதே சமயம், எழுத்தில் வந்த நியாயமான தொகையை ஆசையில் தள்ளிவிடவும் வேண்டாம். ஆணையம் கடைசியில் அதைவிடக் குறைவாகத் தந்தால், வழக்குச் செலவும் வட்டியும் கிடைக்காமல் போகலாம்.

கடைசியாக உன்னைப் பற்றி. பெரிய விபத்து நடந்தால், ஆஸ்பத்திரி வாசலிலேயே விசிட்டிங் கார்டு நீட்டுபவர்களைப் பார்ப்பாய். நீ போகாதே. வழக்கைத் தேடிப் போவதையும், கிடைக்கிற தொகையில் பங்கு பேசுவதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அந்த விதிகள் இல்லாவிட்டாலும், அடிபட்டவரின் கண்ணைப் பார்த்துப் பேச உனக்கு அந்த ஒழுங்கு வேண்டும். வழக்கு இல்லை என்றால் இல்லை என்று சொல். காது அடைத்துக்கொண்ட எல்லோருக்கும் இழப்பீடு கிடைக்காது. உண்டு என்றால், சிறிய தொகை என்று ஒதுக்காதே. மணிக்கட்டு முறிந்த தையல்காரருக்கு மூன்று மாத வருமானம் பெரிய தொகை.

இந்தச் சட்டம் பயணிக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. பெரிய நிறுவனத்தின் தவறைத் தோண்டி எடுக்கும் வேலையை எளியவர் தலையிலிருந்து இறக்கி வைத்திருக்கிறது. மிச்சம் இருக்கும் வேலை, நடந்ததை நேர்மையாகவும் முழுமையாகவும் காலத்துக்குள்ளும் சொல்வது. அது உன்னுடையது. நாளைக் காலை அந்தத் தோள்பட்டைக்காரரைக் கூப்பிடு. டிக்கெட்டை வாங்கிப் பார். இறங்கிய தேதியைக் குறித்துக்கொள். பிறகு அவரைப் பேசவிட்டு எழுதத் தொடங்கு.

வாழ்த்துகளுடன்,
உன் சீனியர்