முதல் கூடாரம் மொட்டை மாடியில்

அன்பு மகளுக்கு,

நீயும் உன் காலேஜ் தோழிகளும் மாடம்பாக்கம் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கத் திட்டம் போட்டிருப்பதாக உன் அப்பா சொன்னான். ஆசை நல்லதுதான், இடம்தான் சரியில்லை. ஏரிக்கரை மண் கொட்டி உயர்த்தியது. கரைப் பொந்துகளில் எலி இருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்ட ஏரியின் தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்க முடியாது. கொதித்தால் கிருமி சாகும். கழிவுநீரோடு வந்த ரசாயனம் அப்படியே இருக்கும்.

பை சுமந்து நடப்பது ஒரு பழக்கம், வெளியில் படுப்பது வேறொரு பழக்கம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குகிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள். நீ தனித்தனியாகப் பழகு. நடக்கக் குடியம் காடு இருக்கிறது, படுக்க உங்கள் வீட்டு மொட்டை மாடி இருக்கிறது.

முதலில் நடை. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் அந்த வட்டாரத்து ஆட்களே வழிகாட்டியாக வருவார்கள். காட்டுக்குப் போக எதற்கு அனுமதி என்று கேட்பாய். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் தீ பரவி, மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. கோடையில் பாதையை மூடிவிட்டார்கள் என்றால் சலித்துக்கொள்ளாதே.

அந்த 40 பாதைகளில் உனக்கு ஏற்றது குடியம் குகை. தாம்பரத்தில் மின்ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போய், பூண்டி ஏரிப் பக்கம் போக வேண்டும். முள்ளும் புதருமான காடு. பெரிய ஏற்றம் கிடையாது. குகை என்றால் இருட்டுக் குகை இல்லை, பாறை உட்குழிந்து தாழ்வாரம் போல் நிற்கும் இடம். சுவரைக் கிட்டப் போய்ப் பார். உருண்டைக் கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். ஆறு உருட்டிக் கொண்டுவந்த கற்கள் மண்ணோடு இறுகிப் பாறையாகிவிட்டன. இந்தக் கற்களில்தான் ஆதிமனிதர்கள் கோடரி செதுக்கினார்கள். நீ தினமும் கடக்கும் பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததற்கு அதுதான் முதல் சான்று. அதே ஆண்டு பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வழியில் அப்படி ஒரு கல் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடு. பாறை இடுக்கில் தேன்கூடு இருக்கும். சென்ட் போட்டுக்கொண்டு போகாதே, கூச்சல் போடாதே.

அடுத்தது பை. ராத்தங்கலுக்குப் போகிறவர்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. உன் 45 கிலோவுக்கு அது 9 கிலோ. பகல் நடைக்கு அதில் பாதி போதும். மூன்று லிட்டர் தண்ணீரே 3 கிலோ ஆகிவிடும், அதைக் குறைக்காதே, மற்றதைக் குறை. கனமானதை முதுகை ஒட்டி, நடுவில் வை. இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டு. பாட்டி இடுப்பில் குடம் வைத்து நடந்ததைப் பார்த்திருக்கிறாய். சுமை இடுப்பில் உட்கார்ந்தால் தோள் வலிக்காது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. புளியோதரையும் கடலைமிட்டாயும் கெடாது, அடுப்பும் வேண்டாம். அதே பையோடு ஒரு மாதம் காலையில் தேனுபுரீஸ்வரர் கோயிலைத் தாண்டி ஏரிவரை நடந்து பழகு. புது ஷூ கடிக்கிறதா என்பது வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, மொட்டை மாடி. தளத்தில் முளை அடிக்க முடியாது. கூடாரத்தின் நாலு மூலையிலும் செங்கல் வைத்துக் கட்டு. காற்றுக்கு விட்ட ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கினால், மூச்சுக்காற்றின் ஈரம் விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டும். அதனால் வலை ஜன்னலைத் திறந்து வை. வாசல் ஜிப்பை மட்டும் எப்போதும் மூடி வை. மாடியிலேயே இதைப் பழகிக்கொள், பின்னால் தரையில் கூடாரம் போடும்போது மறக்காதே. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு, தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடிபட்ட இடம் பெரிதாக வலிக்காது, வீங்காது. அதனால் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். பாம்பு கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. ஆளை அசையாமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடு. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கும். அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நம் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். அந்தச் சங்கம் 1978-இல் தொடங்கியது.

மாடியில் ஒரு மழை இரவைத் தாங்கி, குடியத்தில் ஒரு பகல் முழுக்க நடந்து முடித்த பிறகு, அனுமதியுள்ள மலை முகாம் எதற்கு வேண்டுமானாலும் போ. நானே உன் அப்பாவிடம் பேசுகிறேன். அதுவரை ஏரிக்கரைத் திட்டத்தைக் கைவிடு. இந்தச் சனிக்கிழமையே கூடாரத்தை மாடிக்கு ஏற்று.

அன்புடன்,
பெரியப்பா