குளிருக்குச் சேமித்த சோறு
(கனடாவின் வட்டார உணவுகள் குறித்து ஒரு கண்ணோட்டம்)

கனடா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை பனி, நயாகரா நீர்வீழ்ச்சி, டொராண்டோவில் இருக்கும் தூரத்து உறவினர். அந்நாட்டு உணவு எது என்று கேட்டால் சற்றுத் தடுமாறுவோம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் மான்ட்ரியலுக்குப் புறப்பட்டபோது நானும் அப்படித்தான் தடுமாறினேன். "அவர்களுக்கென்று சொந்தச் சாப்பாடு ஏதும் உண்டா?" என்று அம்மா கேட்டார். "பர்கர்தான் இருக்கும் அம்மா" என்று சொல்லிவிட்டு, பருப்புப் பொடியையும் ஊறுகாய்ப் புட்டியையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய அறியாமை என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

சிங்கப்பூரில் வளர்ந்த நமக்குக் காய்கறியும் மீனும் கிடைக்காத பருவம் என்று ஒன்று கிடையாது. தேக்கா சந்தை ஆண்டு முழுவதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கனடாவின் பெரும்பகுதியிலோ ஆண்டில் பாதி நாள் மண்ணே உறைந்து கிடக்கும். ஆகவே அங்குள்ள பழைய உணவுகள் பலவும் ஒரே கேள்விக்குப் பதிலாகப் பிறந்தவை: கோடையில் கிடைத்ததைக் குளிர்காலம் முடியும் வரை எப்படிக் கெடாமல் வைத்திருப்பது? உலர்த்தினார்கள், உப்பிட்டார்கள், புகையில் வாட்டினார்கள், கொழுப்பில் புதைத்தார்கள், பாகாகக் காய்ச்சினார்கள். எந்த வட்டாரத்தில் எது மிகுதியாகக் கிடைத்ததோ அதுவே அந்த வட்டாரத்தின் அடையாளமானது. அது இல்லாமல் போனபோது என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த உணவுகள் நமக்கு முழுமையாக விளங்கும்.

மரத்திலிருந்து ஒரு பதநீர்

முதலில் இனிப்பிலிருந்து தொடங்குகிறேன். மார்ச் மாதத்தில் கியூபெக் மாநிலத்துக் காடுகளில் இரவில் தண்ணீர் உறையும், பகலில் உருகும். இந்த ஏற்ற இறக்கத்தால் மேப்பிள் மரத்தின் உள்ளே அழுத்தம் மாறி, பட்டையில் துளையிட்ட இடத்திலிருந்து சாறு சொட்டுகிறது. சில வாரங்கள்தான் இது நீடிக்கும். மொட்டு விடத் தொடங்கிவிட்டால் சாற்றின் சுவை கெட்டுவிடும்.

அந்தச் சாற்றைக் குடித்துப் பார்த்தேன். ஏமாற்றமாக இருந்தது! கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான். அதில் உள்ள சர்க்கரை 2 அல்லது 3 விழுக்காடுதான். நம் பனைமரத்துப் பதநீரின் இனிப்பு அதில் பாதிகூட இல்லை. ஆனால் வேலை ஒன்றேதான். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதுபோல, தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சிக் குலா மலாக்கா எடுப்பதுபோல, அங்கே மேப்பிள் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். ஒரு லிட்டர் பாகு கிடைக்க ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது கொட்டகையில் எழும் நீராவியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

இந்தக் கலை ஐரோப்பியர் கொண்டுவந்ததன்று. கிழக்குக் காடுகளில் வாழ்ந்த அனிஷினாபெ முதலிய பழங்குடியினர் அவர்களுக்கு முன்பே மேப்பிள் சாற்றை எடுத்துப் பயன்படுத்தியவர்கள். இன்று உலகின் மேப்பிள் பாகில் ஏறத்தாழ 70 விழுக்காடு கியூபெக்கிலிருந்து வருகிறது. விளைச்சல் குறையும் ஆண்டுகளுக்கென்று பீப்பாய் பீப்பாயாகச் சேமிப்புக் கிடங்கும் வைத்திருக்கிறார்கள். 2011, 2012ஆம் ஆண்டுகளில் அந்தச் சேமிப்பிலிருந்தே சுமார் 3,000 டன் பாகு களவு போனது. மதிப்பு ஏறக்குறைய 18 மில்லியன் கனடிய வெள்ளி. தங்கத்தைத் திருடுவார்கள், பாகைத் திருடுவார்களா என்று நாம் சிரிக்கலாம். அங்கே அது சிரிக்கும் விஷயமாக இல்லை.

அங்கு போகிறவர்கள் தவறவிடக் கூடாதது, சர்க்கரைக் கொட்டகை விருந்து. பட்டாணி சூப், அவித்த பீன்ஸ், பன்றி இறைச்சி, முட்டை என்று எல்லாவற்றின் மீதும் பாகை ஊற்றித் தருகிறார்கள். கடைசியில் வெளியே அழைத்துப் போய், சுத்தமான பனியின் மேல் கொதிக்கும் பாகைக் கோடாக ஊற்றினார்கள். அது மிட்டாயாக இறுகும்போது ஒரு குச்சியில் சுற்றி எடுத்துச் சாப்பிட வேண்டும். என் பல்லில் ஒட்டியது மாலைவரை போகவில்லை.

அதே கியூபெக்கின் இன்னொரு புகழ்பெற்ற உணவு பூட்டீன். வறுத்த உருளைக்கிழங்கு, புதிய பாலாடைக்கட்டித் துண்டுகள், மேலே சூடான கிரேவி. அவ்வளவுதான். 1950களில் கியூபெக்கின் பால்பண்ணை ஊர்களில் பிறந்த இந்த உணவுக்கு வார்விக், டிரம்மண்ட்வில் ஆகிய இரு ஊர்களுமே உரிமை கொண்டாடுகின்றன. பாலாடைக்கட்டி அன்று செய்ததாக இருந்தால் கடிக்கும்போது 'கிறீச்' என்று சத்தம் வரும். சத்தம் வராவிட்டால் பழையது என்று என் அறைத்தோழி சொல்லிக் கொடுத்தாள். ஒரு காலத்தில் ஏழை நாட்டுப்புறத்தான் சாப்பாடு என்று கேலி செய்யப்பட்ட இதை இன்று கனடாவின் தேசிய உணவு என்கிறார்கள். "எங்களைக் கேலி செய்தவர்கள் இப்போது எங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டார்கள்" என்றாள் அவள். சைவர்களுக்கும் மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. கேட்டுவிட்டு வாங்குங்கள். சில கடைகளில் காளான் கிரேவி கிடைக்கும்.

உணவுக்காக ஒரு போர்

தவணை முடிந்ததும் மேற்கே வின்னிபெக் நகரத்திற்குச் சென்றேன். பெமிக்கன் என்ற சொல்லை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன். கிரீ மொழியில் 'பிமீ' என்றால் கொழுப்பு. அந்த வேரிலிருந்து பிறந்த சொல் இது.

சமவெளியில் மேய்ந்த காட்டெருமையின் இறைச்சியை மெல்லிய தகடுகளாக அரிந்து, வெயிலிலோ நெருப்பருகிலோ உலர்த்தி, பொடியாகும்வரை இடிக்க வேண்டும். அதில் உருக்கிய கொழுப்பைக் கலந்து, சில நேரம் சாஸ்கட்டூன் என்ற கருநீலப் பழத்தையும் சேர்த்து, தோல் பையில் திணித்துத் தைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு பை சுமார் 40 கிலோ. சமைக்க வேண்டாம், அப்படியே கடித்துத் தின்னலாம். நம் கருவாட்டையும் உப்புக்கண்டத்தையும் நினைத்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டேன். உப்பும் இல்லை, காரமும் இல்லை. மெழுகைக் கடித்ததுபோல் இருந்தது. இதை ருசிக்காகச் செய்யவில்லை, உயிர் பிழைக்கச் செய்தார்கள் என்பது இரண்டாம் வாயில் புரிந்தது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் கனடாவின் பெருவணிகம் விலங்குத் தோல் வணிகம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆறுகளில் படகு வலித்துச் சென்ற தொழிலாளர்களுக்கு வேட்டையாட நேரமில்லை. அவர்களுடைய எரிபொருள் பெமிக்கன்தான். அதைத் தயாரித்து விற்றவர்கள் பெரும்பாலும் மெட்டி இனத்தவர், அதாவது பழங்குடிப் பெண்களுக்கும் ஐரோப்பிய வணிகர்களுக்கும் பிறந்த வழித்தோன்றல்கள். 1814ஆம் ஆண்டு ஜனவரியில், செவ்வாற்றுக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டொனெல், தம் குடியேறிகளுக்கு உணவு போதவில்லை என்று கூறி, பெமிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை விதித்தார். மெட்டி மக்களின் பிழைப்பில் விழுந்த அடி அது. வணிகத்தில் போட்டியிட்ட இரு நிறுவனங்களுக்கு இடையிலான பகையும் சேர்ந்துகொண்டது. 1816 ஜூன் 19 அன்று, பெமிக்கனோடு சென்ற மெட்டிக் குழுவும் அடுத்த ஆளுநர் ராபர்ட் செம்பிளின் ஆட்களும் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் மோதினர். செம்பிளும் அவரோடு வந்த 20 பேரும் மாண்டனர். மெட்டி தரப்பில் இறந்தவர் ஒருவர். அந்த இடம் இன்று வின்னிபெக் நகரத்திற்குள் இருக்கிறது. உணவைப் பற்றிப் படிக்கப் போன நான் ஒரு போர்க்கள நினைவுக்கல்லின் முன் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பின் நடந்தது இன்னும் கொடியது. இறைச்சிக்கும் தோலுக்குமாக வேட்டை பெருகி, 1880 வாக்கில் கனடியச் சமவெளியில் காட்டெருமைக் கூட்டங்களே இல்லாமல் போயின. அவற்றை நம்பியிருந்த மக்கள் பட்டினி கிடந்தார்கள். அரசாங்கம் உணவுப் பங்கீட்டை நிறுத்தி வைத்தே பலரை ஒதுக்கு நிலங்களுக்குள் போக வைத்தது. அங்கே கிடைத்தவை மாவு, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை, தேயிலை. அந்த மாவும் கொழுப்பும்தான் 'பேனக்' ஆயின. பேனக் என்பது ஸ்காட்லாந்துச் சொல். தோற்றத்தில் நம் ரொட்டிக்கும் பன்னுக்கும் இடைப்பட்டது. அடுப்பிலும் சுடலாம், எண்ணெயிலும் பொரிக்கலாம். சாஸ்கட்டூன் பழ ஜாமோடு நான் சாப்பிட்டது மிக நன்றாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அங்கு நான் சந்தித்த பழங்குடி மாணவி ஒருத்தி சொன்னாள்: "என் பாட்டி வீட்டின் வாசனை இது. என் அம்மா இதை வீட்டில் செய்யவே மாட்டார். எங்கள் உணவைப் பறித்துக்கொண்டு கொடுத்த மாவு என்பார்." யார் சொல்வது சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே ரொட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இனி, இடம் கருதிச் சிலவற்றை விரைவாகச் சொல்லிச் செல்கிறேன். ஒன்டாரியோவின் வெண்ணெய் டார்ட், வாயில் வைத்ததும் உள்ளிருக்கும் பாகு வழியும் சிறு இனிப்பு. அதில் உலர்திராட்சை போடலாமா கூடாதா என்பதில் குடும்பங்களே பிரிந்து நிற்கும். மேற்குக் கரையின் நனைமோ பட்டை, அடுப்பில் சுடாமல் மூன்று அடுக்காகச் செய்வது. என் நாக்குக்கு இனிப்பு மிக அதிகம். கால்கரியின் இஞ்சி மாட்டிறைச்சி, ஹாலிஃபாக்ஸின் டோனேர் இரண்டும் 1970களில் குடியேறிகளின் கடைகளில் உருவானவை. டோனேரை ஹாலிஃபாக்ஸ் நகரமன்றம் 2015இல் நகரின் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்துவிட்டது. அன்னாசி போட்ட 'ஹவாயி' பீட்சாவுக்கும் ஹவாயிக்கும் உறவில்லை. அது 1962இல் ஒன்டாரியோவின் சாத்தம் நகரில் கிரேக்கக் குடியேறி சாம் பனோபுலஸ் செய்தது. இந்த வரிசையில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஈழத்தமிழர் கடைகளில் இரும்புத் தகடு அதிரக் கொத்தும் கொத்து ரொட்டியையும் கனடாவின் வட்டார உணவாகவே நான் சேர்ப்பேன்.

மூடப்பட்ட கடல்

கடைசியாக நான் போனது கிழக்குக் கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீன் என்று மட்டும் சொன்னால் காட் மீன் என்றுதான் பொருள். ஐந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பியக் கப்பல்கள் அந்த மீனைத் தேடி வந்தன. உப்பிட்டு உலர்த்திய காட் மீன் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனது. தரம் குறைந்ததெல்லாம் கரும்புத் தோட்டங்களில் இருந்த அடிமைகளின் தட்டுக்குப் போனது. திரும்பி வந்த கப்பல்களில் ரம்மும் கரும்புப் பாகும் வந்தன. இன்றும் அத்தீவில் 'டவுட்டன்' என்ற பொரித்த ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது மேப்பிள் பாகு அன்று, அந்தக் கருநிறக் கரும்புப் பாகுதான்.

நான் தங்கிய விடுதியை நடத்திய மூதாட்டி எனக்காக 'மீனும் புரூஸும்' செய்தார். உப்புமீனை ஒரு பாத்திரத்திலும், கல்லைப்போல இறுகிய ரொட்டியை இன்னொரு பாத்திரத்திலும் இரவே ஊறப்போட்டார். காலையில் இரண்டையும் தனித்தனியாக வேகவைத்து, வடித்து, சேர்த்து மசித்து, மேலே மொறுமொறுப்பாக வறுத்த உப்புக் கொழுப்புத் துண்டுகளைத் தூவினார். கப்பலில் மாதக்கணக்கில் கெடாத இரு பொருள்களை ஒன்றாக்கிய உணவு. கஞ்சிக்குக் கருவாடு தொட்டுக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாக இராது. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் தமிழ் பேசுபவள் என்று அறிந்ததும் அவர் 1986ஐப் பற்றிப் பேசினார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம், இலங்கையிலிருந்து தப்பி வந்த 155 தமிழர்கள், கப்பலிலிருந்து இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கி விடப்பட்டு, நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே மூடுபனியில் மூன்று நாள் மிதந்தார்கள். அவர்களைக் கண்டு காப்பாற்றியவர்கள் அத்தீவின் மீனவர்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1992 ஜூலை 2ஆம் நாள், அந்தக் கடலிலேயே காட் மீன் பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை விதித்தது. பெரிய இழுவைக் கப்பல்கள் பல ஆண்டுகளாக அள்ளியதில் மீனே அற்றுப் போயிருந்தது. ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். மூதாட்டியின் இரு மகன்களும் மேற்கே ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வேலை தேடிப் போனவர்கள்; திரும்பி வரவில்லை.

தடை இரண்டு ஆண்டுகளில் நீங்கும் என்றுதான் முதலில் சொன்னார்களாம். அது நீங்கியது 2024 ஜூனில். 18,000 டன் மட்டும் பிடிக்கலாம் என்று அறிவித்தார்கள். மீன் உண்மையிலேயே மீண்டு வந்துவிட்டதா, அல்லது அவசரப்படுகிறார்களா என்று அந்தத் தீவிலேயே வாதம் நடக்கிறது. நான் சாப்பிட்டது கடையில் வாங்கிய மீனில்லை. உள்ளூர்வாசிகள் கோடையில் குறிப்பிட்ட நாள்களில் மட்டும், வீட்டுத் தேவைக்காக, ஆளுக்கு ஐந்து மீன் பிடித்துக்கொள்ளலாம். அப்படித் தம் கணவர் பிடித்ததில் ஒன்றை மூதாட்டி உப்பிட்டு வைத்திருந்தார்.

புறப்படும் நாளன்று, பெட்டியின் அடியில் அப்படியே கிடந்த ஊறுகாய்ப் புட்டியை அவரிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார்.