மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை



விளையாடுகிறவனுக்குப் படிப்பு ஏறாது, படிக்கிறவனுக்குப் பந்து பிடிக்கத் தெரியாது என்றொரு பேச்சு எல்லாக் கல்லூரியிலும் உண்டு. இரண்டும் சேர்ந்து வருமா? வரும். அதைக் கணக்கோடு சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இரண்டாமாண்டு மெக்கானிக்கல். 800 மீட்டர் ஓடுகிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "ஓடிக்கிட்டே இருந்தா சோறு வருமாடா? ஒரு பேப்பர் போச்சுன்னாலும் ஷூவைக் கழட்டி வெச்சிடு" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே கல்லூரி விளையாட்டு ஒரு பெரிய திருவிழா. 1906-ல் தொடங்கிய என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கீழ் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் விளையாடுகிறார்கள். அவர்களில் விளையாட்டையே தொழிலாக்கும் நிலைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. மற்றவர்களுக்குச் சோறு போடுவது பட்டம்தான்.

ஆகவே 1991-ல் ஒரு விதி வந்தது. போட்டிக் காலத்தில் பயிற்சி நாளுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணிக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாள் ஓய்வு. இதோடு 'ஸ்டடி ஹால்' என்ற ஏற்பாடும் பல கல்லூரிகளில் உண்டு. முதலாண்டு வீரர்களும் மார்க் குறைந்தவர்களும் வாரத்தில் இத்தனை மணி நேரம் அங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும். வந்த நேரம், போன நேரம் பதிவாகும். சந்தேகம் தீர்க்க ஆள் இருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் படிப்பு வந்துவிடுமா? வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். வகுப்பே நடக்காத பாடங்களில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் மார்க் கிடைத்தது. 1993 முதல் 2011 வரை 3,100 மாணவர்கள் இப்படி மார்க் வாங்கினார்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்று 2014-ல் விசாரணை அறிக்கை வெளிவந்தது. மார்க் கிடைத்தது, படிப்பு கிடைக்கவில்லை. நஷ்டம் யாருக்கு? அந்த மாணவனுக்குத்தான்.

இரண்டையும் செய்த ஒருவர்

1954 மே 6-ல் ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். உலகில் 4 நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதர் அவர். அப்போது அவர் லண்டனில் மருத்துவ மாணவர். பயிற்சிக்குக் கிடைத்தது பெரும்பாலும் மதிய இடைவேளைதான். அன்று காலையும் மருத்துவமனைக்குப் போய்விட்டுத்தான் ரயில் ஏறினார். அந்த வருடமே ஓட்டத்தை விட்டுவிட்டு நரம்பியல் மருத்துவராகி, பல்லாண்டு பணி செய்தார்.

நமக்கு என்ன வழி?

வாரத்துக்கு 168 மணி. வகுப்பு 35, பயிற்சி 12, தூக்கம் 56 போனால் மிச்சம் 65. பஸ், சாப்பாடு, வீட்டு வேலை என்று 35 கழித்தாலும் 30 மணி கையில் நிற்கிறது. நேரம் இருக்கிறது, அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

1. கிரவுண்டிலிருந்து வந்ததும் தியரி புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்கும். அந்த நேரத்தில் கணக்கு, டிராயிங் ஷீட், ரெக்கார்ட் நோட்டு என்று கைக்கு வேலை கொடுங்கள். தியரியை விடியற்காலைக்கோ பஸ் பயணத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

2. படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்காதீர்கள். புத்தகத்தை மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நேரம் குறைந்த நமக்கு இதுதான் லாபம்.

3. போட்டிக்கு ஓ.டி. வாங்குமுன், அந்த நாட்களில் என்னென்ன லேப் வருகிறது என்று பாருங்கள். சாரிடம் முன்கூட்டியே சொல்லி, வேறு பேட்ச்சோடு செய்ய அனுமதி கேளுங்கள். நோட்ஸை ஜெராக்ஸ் எடுக்கலாம். லேத்தில் த்ரெட் போடுவதை ஜெராக்ஸ் எடுக்க முடியாது.

4. தூக்கத்தில் கை வைக்காதீர்கள். ஓடிய கால் தேறுவதும் படித்த பாடம் பதிவதும் தூக்கத்தில்தான்.

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாலைப் பயிற்சி முடிந்ததும் ஒரு வகுப்பறையை ஒரு மணி நேரம் திறந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு டியூப் லைட், நாலு மேசை, வாரம் ஒரு சீனியர் போதும். ஊருக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் படிக்கிற நேரமாகும். கையெழுத்துக்காக மட்டும் வருகிற அறையாக அது ஆகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

கால் என்றைக்காவது வலிக்கும், வயதும் ஏறும். டிப்ளமோ நம்மோடு கடைசி வரை வரும். அதற்காக ஓடாமல் இருக்க வேண்டியதில்லை. ஓடுவோம், படிப்போம், ஒரு பேப்பர்கூட நிற்காமல் வீட்டுக்குப் போவோம். அப்பாக்கள் கேட்கிற கேள்விக்கு அதுவே நம் பதில்.