கசியக் கூடாத சவ்வு

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். 'மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்' என்று சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, "சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கச் சவ்வு எதுக்கும்மா? அதுவும் ரெண்டு சவ்வு, உள்ளே அத்தனை மடிப்பு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தம்பி ஜிம்முக்குப் போகிறான். 'டிஎன்பி' என்ற மஞ்சள் தூள் மைட்டோகாண்ட்ரியாவை வேகமாக ஓடவைத்துக் கொழுப்பைக் கரைத்துவிடும், இணையத்தில் கிடைக்கும் என்று கூட வருகிற ஒருவர் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்று யோசிக்கிறான். அது பாதுகாப்பானதா?

– ஒரு வாசகி, தேனி

பதில்: தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் அம்மா, அந்தத் தூளைத் தொடவே கூடாது. அது உயிரை எடுக்கும். ஏன் எடுக்கும் என்பதற்கான விளக்கம் உங்கள் மகள் கேட்ட கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அவளுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

சவ்வை நாம் வெறும் உறையாக நினைத்துக்கொள்கிறோம். 1925-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டெல் என்ற இருவர் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்த கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீரின்மேல் ஒற்றை மூலக்கூறு கனமுள்ள படலமாகப் பரப்பி அளந்தார்கள். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்குள் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆகவே அதிலுள்ள கொழுப்பு அநேகமாக முழுவதும் வெளிச்சவ்வினுடையதுதான். படலத்தின் பரப்பு, அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. சவ்வு என்பது இரட்டை அடுக்குக் கொழுப்பு என்று தெரிந்தது அப்படித்தான். அவர்கள் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டதால் முடிவு சரியாக வந்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

இந்த இரட்டை அடுக்கின் கனம் சுமார் 5 நானோமீட்டர். அதன் நடுப்பகுதி நீரை ஒட்டவிடாத எண்ணெய்ப் பகுதி. ஆக்சிஜன் அதைத் தாராளமாகக் கடந்துவிடும். சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னூட்டமுள்ள அயனிகளால் முடியாது. அவற்றுக்குக் கொழுப்புக்குள் பதிந்திருக்கும் புரதங்களே வழிவிட வேண்டும். செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஒரு புரதம் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. நரம்பில் செய்தி ஓடுவது இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான். அயனிகளை ஒரு பக்கம் குவித்துவைக்க முடிந்தால் அந்தக் குவியலே சேமித்த ஆற்றல் என்பதை மகள் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

இனி மைட்டோகாண்ட்ரியாவுக்கு வருவோம். அதன் வெளிச்சவ்வில் போரின் என்ற புரதத் துளைகள் நிறைய உண்டு, சிறு மூலக்கூறுகள் தடையில்லாமல் போய்வரும். உள்சவ்வு அதற்கு நேர்மாறானது. மிகச் சிறிய அயனியான புரோட்டான்கூட அதைத் தானாகக் கடப்பது அரிது. அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு புரதம்.

இவ்வளவு இறுக்கம் ஏன் என்பதற்கான விடை, 1950-களில் உயிர்வேதியியலாளர்களை உலுக்கிய வேறொரு கேள்வியில் இருக்கிறது. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் உள்சவ்விலுள்ள புரதங்கள் வழியாகக் கைமாறிக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்ந்து நீராகின்றன என்று அப்போதே தெரியும். அந்த ஆற்றல் எப்படி, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஏடிபி என்ற மூலக்கூறாகிறது என்பதுதான் புரியவில்லை. இடையில் ஏதோ ஒரு வேதிப்பொருள் ஆற்றலைச் சுமந்து வந்து ஒப்படைக்கிறது என்று நம்பி ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். கிடைக்கவில்லை. சவ்வு கிழிந்துபோன மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனை எடுத்துக்கொண்டது, ஏடிபி மட்டும் செய்யவில்லை.

1961-இல் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் மிட்செல், அப்படி ஒரு பொருளே இல்லை என்றார். எலக்ட்ரான்கள் கைமாறும்போது கிடைக்கும் ஆற்றல், புரோட்டான்களை உள்சவ்வின் வெளிப்பக்கத்துக்குத் தள்ளுகிறது. அங்கே குவிந்த புரோட்டான்கள் வேறொரு புரதத்தின் வழியாக உள்ளே திரும்பி வரும்போது ஏடிபி உருவாகிறது. அதாவது, மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் நிலையம்தான். ஆனால் அது அனல் மின்நிலையம் போன்றதல்ல, புனல் மின்நிலையம் போன்றது. உள்சவ்வுதான் அணை. அணையில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு மழை பெய்தும் பயனில்லை அல்லவா?

பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. உடல்நலம் கெட்டு எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து விலகிய மிட்செல், கார்ன்வாலில் பாட்மின் ஊருக்கு அருகே இருந்த பழைய மாளிகை ஒன்றைச் செப்பனிட்டு, அதையே ஆய்வுக்கூடமாக்கி, சக ஆய்வாளர் ஜெனிஃபர் மாய்லுடன் வேலையைத் தொடர்ந்தார். 1966-இல் யாகண்டோர்ஃப், உரிபே என்ற இருவர் பசலைக் கீரையின் பசுங்கணிகங்களை இருட்டில் அமிலக் கரைசலில் ஊறவைத்து, பிறகு காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். ஒளியே படாமல் ஏடிபி உண்டானது. இரு பக்கமும் புரோட்டான் அளவு வேறுபட்டால் போதும் என்றானது. அதைவிட அழகானது 1974-இல் ராக்கர், ஸ்டோக்கேனியஸ் என்ற இருவர் செய்தது. உப்பளத்து நுண்ணுயிரி ஒன்றிலிருந்து, ஒளி பட்டால் புரோட்டானைத் தள்ளும் ஊதா நிறப் புரதத்தை எடுத்தார்கள். மாட்டின் இதயத்து மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஏடிபி செய்யும் நொதியை எடுத்தார்கள். இரண்டையும் சோயாக் கொழுப்பால் ஆன நுண்குமிழிகளில் பதித்து விளக்கைப் போட்டார்கள். ஏடிபி உருவானது! ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று உயிர்களின் பொருள்கள். இடையில் சுமந்து செல்லும் பொருள் எதுவும் இல்லை, மூடிய சவ்வு மட்டும் இருந்தது. 1978-இல் மிட்செலுக்கு நோபல் பரிசு வந்தது.

உள்சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ 150 மில்லிவோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது. எண் சிறியதுதான். ஆனால் 5 நானோமீட்டர் கனத்துக்கு அதைக் கணக்கிட்டால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வரும். அந்த விசையில் உள்ளே பாயும் புரோட்டான்கள், ஏடிபி நொதியின் நடுத்தண்டைச் சுழற்றுகின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி. தண்டு சுழல்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் நுண்ணோக்கியில் நேராகவே பார்த்தார்கள். அதே ஆண்டு, இந்த நொதியின் செயல்முறையை விளக்கிய பாயருக்கும் வாக்கருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மடிப்புகளுக்கும் இதுவே காரணம். வேலை நடப்பது சவ்வின் பரப்பில் என்பதால், பரப்பு கூடக்கூட ஏடிபியும் கூடும். ஓயாமல் துடிக்கும் இதயத் தசையின் மைட்டோகாண்ட்ரியாவில் மடிப்புகள் மிக நெருக்கமாக இருக்கும்.

சவ்வு ஏன் இரண்டு? மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. இந்தக் கருத்தை 1967-இல் லின் மார்குலிஸ் அழுத்தமாக முன்வைத்தார். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ இன்றும் இருக்கிறது. மனிதரில் 37 மரபணுக்கள். உள்சவ்வில் மிகுந்துள்ள கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு பாக்டீரியாவின் சவ்வுகளிலும் காணப்படுகிறது. வெளிச்சவ்வின் போரின்களும் சிலவகை பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வுப் புரதங்களை ஒத்திருக்கின்றன. இரண்டு சவ்வுகளுமே அந்தப் பழைய பாக்டீரியாவின் வழி வந்தவை என்று இதனால் கருதுகிறார்கள். பாக்டீரியாவுக்குள் மைட்டோகாண்ட்ரியா கிடையாதே, அது எங்கே ஏடிபி செய்கிறது என்று மகள் அடுத்துக் கேட்பாள். தன் செல் சவ்விலேயே செய்துகொள்கிறது.

இப்போது அந்த மஞ்சள் தூள். டிஎன்பி கொழுப்பில் கரையும். சவ்வின் ஒரு பக்கம் புரோட்டானைப் பிடித்து, மறுபக்கம் விட்டுவிட்டு, மறுபடி வந்து இன்னொன்றைப் பிடிக்கும். நொதி வழியாகப் போக வேண்டியதெல்லாம் இப்படிக் கசிந்துபோகும். ஈடுகட்ட உடல் மேலும் மேலும் கொழுப்பை எரிக்கும், ஏடிபி கிடைக்காது, வந்த ஆற்றல் அத்தனையும் வெப்பமாகும். 'மைட்டோகாண்ட்ரியா வேகமாக ஓடும்' என்று தம்பியின் ஜிம் நண்பர் சொன்னதன் உண்மை நிலை இதுதான். பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பிலும் இப்படி ஒரு கசிவு உண்டு. ஆனால் அதைத் திறக்கவும் மூடவும் உடலால் முடியும். டிஎன்பியை மூட உடலிடம் ஒன்றுமில்லை.

முதல் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக்கொட்டி, மெலிந்து, சிலர் மாண்டார்கள். 1930-களில் அமெரிக்காவில் எடை குறைக்கும் மருந்தாகவே இதை விற்றார்கள். பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் இறந்தார்கள். 1938-இல் மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அங்கே ஒதுக்கப்பட்டது. பலன் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒருவருக்கு ஒன்றும் செய்யாத அளவு இன்னொருவரைக் கொல்லலாம். முறிமருந்து கிடையாது.

தம்பி ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். அடங்காத வியர்வை, உடல் சூடு, படபடப்பு, மூச்சிரைப்பு வரும்வரை பார்க்காமல் உடனே பெரிய மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். காய்ச்சல் மாத்திரை கொடுத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். அது மூளை ஏற்றிவைத்த சூட்டைத்தான் இறக்கும், இந்தச் சூடு ஒவ்வொரு செல்லிலும் உண்டாவது. ஆஸ்பிரின் நிலைமையை மோசமாக்கவும் கூடும். திட்டுவார்களே என்று தயங்காமல் 'டிஎன்பி' என்ற பெயரையும், எவ்வளவு, எப்போது சாப்பிட்டான் என்பதையும் மருத்துவரிடம் அவன் சொல்ல வேண்டும். மீதித் தூள் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.