புறப்படுமுன் மூன்று கேள்விகள்

பழவங்காடி,
திருவனந்தபுரம்.

அன்புள்ள மருமகனுக்கு,

சுற்றுலா நிறுவனத்தின் துணையில்லாமல் நாள், வழி, தங்குமிடம், செலவு எல்லாவற்றையும் தானே முடிவு செய்து போவது தனிப் பயணம். காடு, மலை, கடல் காணப் போகும் தனிப் பயணிக்கு மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இது போகத் தக்க பருவமா? யாருடைய அனுமதி வேண்டும்? திரும்பி வர என்ன வழி? ஆசியாவில் எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த மூன்றும் கூடவே வரும். இவற்றைப் பழகுவதற்குத் திருவனந்தபுரம் தோதான ஊர். பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினால் கிழக்கேகோட்டை பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. தம்பானூரில் ரயில் நிலையமும் தொலைதூரப் பேருந்து நிலையமும் எதிரெதிரே உள்ளன. மலைக்கோ கடலுக்கோ ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

முதலாவது பருவம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் தொடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு இரண்டு மழையும் உண்டு. நெடுமங்காடு, விதுரை வழியாகச் சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். கனமழையில் மண்சரிவுக்கு அஞ்சி இந்தச் சாலையை மூடிவிடுவார்கள். வழியிலுள்ள கல்லாறு அதைவிட ஏமாற்றும். மலைமேல் பெய்யும் மழை, கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். பாறை வழுக்கலில் குளிக்க இறங்கியவர் தப்புவது அரிது. தண்ணீர் திடீரெனக் கலங்கினால் அப்போதே கரையேறிவிட வேண்டும்.

கடலுக்கும் பருவம் உண்டு. ரயிலில் சுமார் 40 கி.மீ. வடக்கே உள்ள வர்க்கலையில், கடலோரமாகச் செம்பாறையும் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக அமைந்த குன்று நிற்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. அடுக்குகள் இறுகாதவை; மழை ஊறினால் விளிம்பு சரியும். ஆகவே விளிம்பை ஒட்டி நிற்பதும் அடிவாரத்தில் ஒதுங்குவதும் ஆகாது. உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கடல் திடீரெனக் கரையேறுவதைக் கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலில் வீசிய புயற்காற்று எழுப்பிய பேரலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதால் இது நிகழ்கிறது. வானத்தைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது. கடல்சார் எச்சரிக்கையைப் பார்ப்பதும், கரைக்காவலர் சொல்வதைக் கேட்பதும்தான் வழி.

இரண்டாவது அனுமதி. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் இதற்கு நல்ல பாடம். இம்மலையைச் சூழ்ந்த காடு 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; 2016-இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது. கேரளப் பக்கம் நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி சரணாலயங்களும், தமிழ்நாட்டுப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் இதில் அடங்கும். மலை ஒன்று, மாநிலம் இரண்டு. ஒரு மாநிலத்தின் அனுமதிச் சீட்டு மறு மாநிலத்தில் செல்லாது. கேரள வனத்துறை ஆண்டுத் தொடக்கத்தில், வறண்ட சில வாரங்களுக்கு மட்டும் மலையேற விடுகிறது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. போணக்காட்டில் தொடங்கி, அதிருமலை முகாமில் தங்கி, மூன்று நாளில் திரும்பும் நடை இது. 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பையடுத்து, 2019 முதல் பெண்களும் உச்சிவரை ஏறுகிறார்கள்.

அனுமதியை வெறும் காகிதம் என்று எண்ணக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாயின. யார், எந்தப் பாதையில், எத்தனை பேராகப் போயிருக்கிறார்கள் என்பது வனத்துறைக்குத் தெரிந்திருந்தால்தான் ஆபத்தில் தேடி வர முடியும்.

மூன்றாவது திரும்பும் வழி. மலையூர்களுக்குப் பேருந்து குறைவு. இறங்கியதும் கடைசி வண்டி எப்போது என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது முதல் வேலை. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இப்பகுதியில் அந்தி நீளாது. சூரியன் மறைந்த சிறிது நேரத்திலேயே இருட்டிவிடும். காட்டுக்குள் இன்னும் சீக்கிரம். கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத இடங்கள் பல என்பதால் டார்ச்சும் சில்லறைப் பணமும் கையில் இருக்க வேண்டும். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

நாடு கடந்தாலும் கணக்கு இதுவே. இலங்கையில் 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை பருவம். அப்போது படிகளில் விளக்கு எரியும், வழிநெடுகக் கடை இருக்கும். மற்ற மாதங்களில் இரண்டும் இராது. அட்டன் வரை ரயிலில் போய், நல்லதண்ணிக்குப் பேருந்து பிடிக்கலாம். மலையகத் தமிழர் வாழும் வழி என்பதால் மொழியும் தடையில்லை. மலேசியாவின் கினபாலு 4,095 மீட்டர். அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அதில் ஏற விடமாட்டார்கள். வழிகாட்டியில்லாத தனி மலைநடைக்கு நேபாளமும் 2023-இல் தடை அறிவித்தது. தனிப் பயணம் என்பது துணையே இல்லாத பயணம் என்று நினைப்பவர் இந்த இடங்களில் வாசலிலேயே நிற்க நேரும்.

பொன்முடி, வர்க்கலை, அதன்பின் அகத்தியர்கூடம், அதற்கும் பின் இலங்கை என்று படிப்படியாகப் போவதே முறை. மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும் அன்றைய பயணத்தைத் தள்ளிவைத்துவிட வேண்டும்.

அன்புடன்,
மாமா