நலன்புரிப் பட்டியல் விரியும்போது கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

அரசாங்க உதவி பெறுவோரின் பட்டியல் விரிவாக்கப்படுகிறது என்ற செய்தி வந்ததும், "இனி வியாபாரம் கூடும்" என்று சில்லறை வியாபாரிகள் எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால், கூடுதல் சரக்கைக் கொள்வனவு செய்யுமுன் மூன்று விடயங்களைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

1. உதவி எவ்வழியாக வருகிறது?

1979 செப்டெம்பரில் அறிமுகமான உணவு முத்திரையை எல்லாக் கடைகளிலும் மாற்ற முடியவில்லை. சமுர்த்தி முத்திரைகளும் கூட்டுறவுக் கடைகளிலேயே பொருட்களாக மாறின. 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும கொடுப்பனவோ வங்கிக் கணக்குக்குப் பணமாகவே வருகிறது. எங்கே வாங்குவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கிறது. எனவே நியாயமான விலையும் சரியான நிறையும் உள்ள கடைக்கே அப்பணம் வரும்.

2. எவ்வளவு காலத்துக்கு?

அஸ்வெசும 20 இலட்சம் குடும்பங்களை இலக்காகக் கொண்டு, நான்கு பிரிவுகளாக அறிவிக்கப்பட்டது. வறியோருக்கு 8,500 ரூபாவும் மிக வறியோருக்கு 15,000 ரூபாவும் மூன்று வருடங்களுக்கு என்றனர். 2025 ஜனவரியில் இவை 10,000, 17,500 ரூபாவாக உயர்த்தப்பட்டன. ஆனால் 2,500 ரூபா பெற்ற பிரிவுக்கு 2023 டிசம்பரும், 5,000 ரூபா பெற்ற பிரிவுக்கு 2024 ஜூலையுமே முதலில் எல்லையாகக் குறிக்கப்பட்டன. பட்டியலில் பெயர் வந்தது என்பதற்காக நீண்ட காலக் கடன் கொடுப்பது இரு தரப்புக்கும் ஆபத்தாகும்.

3. அப்பணத்துக்கு எவ்வளவு பொருள் வரும்?

உணவு முத்திரையில் 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 15 ரூபா என நிர்ணயித்தனர். பொருட்களின் விலை ஏறியது. முத்திரையின் பெறுமதி பல வருடங்களாக ஏறவில்லை. பெறுவோர் எண்ணிக்கை மட்டும் விற்பனையைக் காட்டாது என்பதே இதன் பாடம். விலை ஏறும் காலத்தில் இக்குடும்பங்கள் பருப்பையும் சீனியையும் 100 கிராம், 250 கிராம் என்றே கேட்பர். அந்த அளவுகளில், கிலோ விலையை விடக் கூட்டாமல் கொடுப்பவரையே அவர்கள் தேடி வருவர்.

இறுதியாக ஒன்று. கடனுக்கு ஈடாக வாடிக்கையாளரின் வங்கி அட்டையையோ புத்தகத்தையோ கடையில் வாங்கி வைத்தல் கூடாது. அவ்வாறு செய்தால், பிள்ளைகளின் சோற்றுக்கு வந்த பணம் வீட்டுக்குப் போகாமலே பழைய கணக்கில் கரைந்துவிடும்; அடுத்த மாதமும் கடனே மிஞ்சும். ஒரு மாதக் கொடுப்பனவில் ஒரு சிறு பங்குக்கு மேல் கடன் ஏறாமல் கொப்பியில் எல்லை வையுங்கள். கடன் அடைபடும், வாடிக்கையாளரும் நிலைப்பார்.